எண்ணுறவைக் கண்ணுறக் காட்டுதல்

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடை நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

இரண்டாம் வகுப்பிலிருக்கும் குழந்தையொன்றை அழைத்து, "எட்டும் ஐந்தும் எத்தனை?" என்று வினவுங்கள். விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி எண்ணிப் "பதின்மூன்று" என்று விடை கூறும். அவ்விடை வாயினின்று நீங்குமுன்னரே, "பதின்மூன்றில் ஐந்து போனால் எத்தனை?" என்று கேளுங்கள். மீண்டும் விரலை நீட்டத் தொடங்கும். "பதின்மூன்றில் எட்டு போனால்?" என்றாலோ, மூன்றாம் முறையும் முதலிலிருந்தே எண்ணும். விடை மூன்றும் சரியே. ஆசிரியர் மூன்றுக்கும் சரிக்குறியிட்டு, அக்குழந்தை தேறிவிட்டது என்று மகிழ்வார். ஆயினும், அம்மூன்று கணக்குகளும் மூன்றல்ல, ஒன்றே என்னும் உண்மையை அக்குழந்தை கண்டதில்லை. காட்டுவாரும் இலர்.

எட்டு, ஐந்து, பதின்மூன்று என்னும் மூன்றெண்களும் ஒரு குடும்பத்தார். முழுமை பதின்மூன்று, அதன் கூறுகள் எட்டும் ஐந்தும். இவ்வொரே உறவை, எட்டும் ஐந்தும் பதின்மூன்று, ஐந்தும் எட்டும் பதின்மூன்று, பதின்மூன்றில் ஐந்து நீங்க எட்டு, பதின்மூன்றில் எட்டு நீங்க ஐந்து என நான்கு வகையாகச் சொல்லலாம். உறவைக் கண்ட குழந்தைக்கு இந்நான்கும் ஒரு பொழுதில் விளங்கும். காணாத குழந்தைக்கோ இவை நான்கு தனிப் பாடங்கள். நான்கு தனிச் சுமைகள். ஒன்றுமுதல் பத்து வரையுள்ள எண்களைக் கொண்டு இச்சுமையைப் பெருக்கிப் பாருங்கள். மூன்றாம் வகுப்பிலேயே கணக்கென்றால் அஞ்சி ஒதுங்கும் பிள்ளை ஏன் அஞ்சுகிறது என்பது விளங்கும்.

இவ்வுறவைக் காட்டப் பெருஞ்செலவு வேண்டா. பதின்மூன்று புளியங்கொட்டையும் ஒரு கொட்டாங்கச்சியும் போதும். பதின்மூன்றையும் குழந்தையைக் கொண்டே எண்ணச் செய்து, அது கண்ணை மூடியிருக்கும்போது சிலவற்றைக் கொட்டாங்கச்சியால் கவிழ்த்து மூடிவிடுக. கண் திறந்த குழந்தைக்கு வெளியே எட்டுக் கொட்டைகள் தெரிகின்றன. "உள்ளே எத்தனை?" என்பதே கேள்வி. கூட்டு என்றும் சொல்லவில்லை. கழி என்றும் சொல்லவில்லை. குழந்தை எட்டிலிருந்து பதின்மூன்று வரை ஏறியும் காணலாம். பதின்மூன்றிலிருந்து எட்டை நீக்கியும் காணலாம். எவ்வழியில் சென்றாலும் ஐந்தே கிடைக்கும். கொட்டாங்கச்சியைத் தூக்கியவுடன் விடையை அதுவே சரிபார்த்துக்கொள்ளும். ஆசிரியர் முகத்தைப் பார்த்து விடை சரியா தவறா என்று நடுங்கும் நிலை அங்கே இல்லை. இதனைப் பின்னர் முக்கோண அட்டையாக்குக. உச்சியில் முழுமை, கீழ்முனை இரண்டிலும் கூறுகள். யாதேனும் ஒரு முனையை விரலால் மறைத்துக் காட்டினால், கூட்டலும் கழித்தலும் ஓரட்டையிலேயே அடங்கிவிடும்.

பல பள்ளிகளின் சுவர்களில் எண்படங்கள் எழுதப்பட்டுள்ளன. மூன்று மாம்பழத்துக்குப் பக்கத்தில் 3. நான்கு கிளிக்குப் பக்கத்தில் 4. வண்ணமும் நன்று, வரைவும் நன்று. ஆனால் அப்படம் எண்ணைக் காட்டுகிறதேயன்றி எண்ணுறவைக் காட்டவில்லை. சுவரிலுள்ள கிளியைக் குழந்தை கையால் எடுத்து மாற்றி வைக்க இயலாது; பிரிக்கவும் சேர்க்கவும் இயலாது. கண்ணுக்கு விருந்தாகும் படமெல்லாம் கற்பிக்கும் கருவியாகிவிடாது. சேர்க்கவும் பிரிக்கவும் திருப்பவும் மறைக்கவும் இடந்தருவதே கணக்குக்குரிய காட்சிக் கருவி. ஆய்வலுவலர் வருங்கால் காட்டுவதற்கென்று பேழையில் பூட்டி வைக்கும் கருவியைப் பற்றிப் பேசவேண்டியதே இல்லை.

முழுமையும் கூறும் என்னும்போது இவ்விரு மாவட்டங்களின் பிறப்பே நினைவுக்கு வருகின்றது. பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தினின்று 1995-இல் பெரம்பலூர் பிரிந்தது. அதனின்று 2001-இல் அரியலூர் பிரிந்தது. 2002-இல் மீண்டும் சேர்ந்தது. 2007-இல் மறுபடியும் பிரிந்தது. பிரித்தலும் சேர்த்தலும் ஒன்றையொன்று மாற்றும் வினைகள் என்பதற்கு இதனினும் அண்மையான எடுத்துக்காட்டு வேண்டுமா? நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிலப்படத் தாளை இரண்டாக வெட்டிக் கொடுத்தால், நிலநூலும் கணக்கும் ஒருசேரப் படிந்துவிடும்.

இனிப் பெருக்கலுக்கு வருவோம். மூன்று வரிசையில் நான்கு நான்காகச் சின்ன வெங்காயத்தை அடுக்குக. பெரம்பலூர்ப் பிள்ளைக்கு வெங்காயத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அடுக்கிய தட்டைக் கால்வட்டம் திருப்புக. இப்போது நான்கு வரிசையில் மூன்று மூன்று. வெங்காயம் கூடவுமில்லை, குறையவுமில்லை. முந்நான்கும் நான்மூன்றும் ஏன் ஒன்று என்பதைத் தட்டின் திருப்பமே சொல்லிவிடுகின்றது. வாய்பாட்டில் ஏறத்தாழப் பாதிச் சுமை அந்நொடியே குறைகின்றது. ஆனால் ஓர் எச்சரிக்கை: வெங்காயம் ஒரே பருமனாக இருத்தல் வேண்டும். வரிசையின் நீளத்தைக் கண்டே சிறு குழந்தை எண்ணிக்கையை மதிப்பிடும் என்பதைச் சுவிட்சர்லாந்து நாட்டு உளநூலறிஞர் பியாசே ஆய்ந்து காட்டினார். எட்டுச் சிறிய வெங்காயத்தை நெருக்கியும் எட்டுப் பெரியதை அகற்றியும் வைத்தால், பின்னதே மிகுதி என்று நான்கைந்து அகவைக் குழந்தை உறுதியாகச் சொல்லும். அது மடமையன்று, வளர்ச்சியில் ஒரு படி. ஒன்றுக்கொன்று இணைசேர்த்து வைத்துக் காட்டுதல் அப்படியைக் கடக்கத் துணைசெய்யும்.

மக்காச்சோளமும் இவ்வட்டாரத்தில் மிகுதி. ஒரு கதிரை எடுத்து, அதன் மணிவரிசைகளைச் சுற்றி எண்ணச் சொல்லுங்கள். பன்னிரண்டு இருக்கும்; பதினான்கு இருக்கும்; பதினாறும் இருக்கும். ஒழுங்காக விளைந்த கதிரில் ஒற்றைப்படை எண்ணைக் காண்பது அரிதினும் அரிது. என்னை? கதிரில் பூக்கள் இணையிணையாகவே தோன்றுதலின், வரிசைகளும் இரட்டைப்படையாகவே அமைகின்றன. இரட்டைப்படை எண் என்றால் எஞ்சாமல் இணைசேரும் எண் என்னும் இலக்கணத்தைக் கரும்பலகையில் பத்துமுறை எழுதுவதினும், ஆளுக்கொரு கதிரைக் கையில் கொடுத்து எண்ணச் செய்வது மேல். ஒற்றைப்படை வரிசை கண்டவர்க்குப் பரிசு என்று அறிவித்துவிட்டால், பிள்ளைகள் வீட்டிலும் களத்திலும் எண்ணிக்கொண்டே இருப்பர்.

கோலத்தை எண்ணிப் பாருங்கள். ஏழு புள்ளி, ஒன்றில் முடியும் நேர்ப்புள்ளிக் கோலத்துக்கு, நடுவரியில் ஏழும் இருபக்கமும் ஐந்து, மூன்று, ஒன்று எனவும் புள்ளி வைப்பர். மொத்தம் இருபத்தைந்து. அப்புள்ளிகளை ஒன்றுவிட்டு ஒன்று வெண்பொடியாலும் செம்பொடியாலும் இடச்செய்து, சற்றே தலைசாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வண்ணத்தில் நந்நான்காகப் பதினாறு. மறுவண்ணத்தில் மும்மூன்றாக ஒன்பது. பதினாறும் ஒன்பதும் இருபத்தைந்து! வாயிற்படியில் நாள்தோறும் இதனை வரைந்த தாய்மாரைக் கணக்கறியாதவர் என்று சொல்லும் துணிவு யாருக்கு உண்டு? அக்கையைப் பள்ளிக்கு அழைத்து வந்து ஒருநாள் கோலமிடச் செய்தல் ஆசிரியருக்கு இழுக்காகாது.

வகுத்தலில் மட்டும் ஒரு நுட்பம் பெரும்பாலும் தப்பிவிடுகின்றது. சாத்தனூர்க் கல்மரம் உங்கட்குத் தெரிந்ததே. கடல் இருந்த காலத்து மரம் கல்லாகிக் கிடப்பது. பதினெட்டு மீட்டர் நீளமுடையது. அந்நீளத்துக்கு ஒரு கயிற்றைப் பள்ளி முற்றத்தில் கிடத்துக. "இதனை மூவர் சமமாகப் பங்கிட்டுக்கொள்க" என்றால், ஆளுக்கு ஆறு மீட்டர். "மூன்று மூன்று மீட்டராக வெட்டுக" என்றால், ஆறு துண்டு. எழுத்தில் இரண்டும் ஒன்றே: பதினெட்டை மூன்றால் வகுத்தல். செயலிலோ ஒன்று பங்கிடல், மற்றொன்று கூறிடல். முன்னதில் ஆறு என்பது நீளம். பின்னதில் ஆறு என்பது எண்ணிக்கை. இவ்விரண்டையும் தனித்தனியே செய்து காணாத பிள்ளைதான், பின்னாளில் சொற்கணக்கைப் படித்துவிட்டு, "ஐயா, இது பெருக்கலா வகுத்தலா?" என்று கேட்டு நிற்கின்றது.

இவையெல்லாம் மேலைநாட்டார் கண்டவை, நாம் கடன் பெறுகிறோம் என்று எண்ணுவாருமுளர். மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, மணிகளாலும் கோல்களாலும் எண்ணைத் தொட்டுணர்த்தும் முறையை இங்குள்ள ஆசிரியர்க்குப் பயிற்றியதும், பெல்சிய நாட்டுப் பள்ளியாசிரியர் கூசினேர் 1952-இல் வண்ணக்கோல் முறையை நூலாக வெளியிட்டதும், அமெரிக்க அறிஞர் புரூனர் 1966-இல் செயல், படம், குறியீடு என அறிவு படிப்படியாக ஏறுவதை விளக்கியதும் போற்றத்தக்கனவே. நல்லது எங்கிருந்து வரினும் கொள்ளலாம். ஆனால் வரலாறு ஒருவழிப் பாதையன்று. எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற மைந்தர்க்கென அமைந்த பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார், நாட்டுப்பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணாக்கன் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் மேற்கொண்டார். 1797-இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின்வழி அது 'சென்னை முறை' எனப் பெயர்பெற்று இங்கிலாந்தில் பரவியது. மணற்பரப்பினும் எளிய காட்சிக் கருவி யாது உளது?

அதற்காகத் திண்ணைப்பள்ளியைத் தேவருலகாக்கிப் பேசுதல் கூடாது. எண்சுவடியையும் நெல்லிலக்கத்தையும் பொன்னிலக்கத்தையும் குழிமாற்றையும் உரக்க ஓதி மனத்தில் இருத்துவதே அங்குப் பெரும்பான்மை. பிரம்பும் இருந்தது. பெண்மக்களுக்கும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் அத்திண்ணை ஏறவொண்ணாத் திண்ணையாகவே இருந்தது. அதில் விடவேண்டியவை அவை. விடக்கூடாததாய் ஒன்றுண்டு, அதனை முற்றும் விட்டோம். அது தமிழரின் கீழ்வாய் எண்முறை.

ஒன்றிற்குக் குறைந்த அளவுகளுக்கெல்லாம் தமிழில் தனிப்பெயர் உண்டு. அரை, கால், அரைக்கால் ஆகியவை இன்றும் வழங்குகின்றன. இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. பதினாறில் ஒன்று மாகாணி, இதனையே வீசம் என்ப. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. சோழர் கல்வெட்டுகளில் நிலத்தை வேலி, மா, காணி, முந்திரி என அளந்து, முந்திரிக்கும் கீழே இறங்கிக் கணக்கெழுதியிருப்பதைக் காணலாம். கங்கைகொண்ட சோழபுரம் உங்கள் அரியலூர் மாவட்டத்து ஊரன்றோ? (செயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்துப் பிள்ளைகள் முந்திரி என்றவுடன் முந்திரிக்கொட்டையை நினைப்பர். அம்மரம் போர்த்துகீசியரால் பிரேசிலிலிருந்து வந்தது. சோழர் காலத்து எண்ணான முந்திரி அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது.)

இம்முறையைப் பிள்ளைக்குக் காட்ட ஒரு தாள்நாடா போதும். எண்பது சென்றிமீட்டர் நீளத்தில் வெட்டுக. அதுவே ஒன்று. அதில் ஒரு சென்றிமீட்டர் காணி. நான்கு சென்றிமீட்டர் மா. இப்போது மாவையும் காணியையும் அடுத்தடுத்து ஒட்டுக. ஐந்து சென்றிமீட்டர். அதனைக் கொண்டு நாடாவை அளந்தால் சரியாகப் பதினாறு முறை அடங்கும். அதன் பெயர் யாது? மாகாணி! மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. பெயரே கூட்டற் கணக்கு! இருபதில் ஒன்றையும் எண்பதில் ஒன்றையும் கூட்டினால் பதினாறில் ஒன்று என்பதை, கீழெண்ணைப் பொதுவாக்கி, மேலெண்ணைக் கூட்டி, சுருக்கி, ஐந்தாம் வகுப்பில் ஒரு பாடவேளை முழுவதும் பாடுபட்டுக் கற்பிக்கின்றோம். அந்நாடாவில் அது ஒரு நோக்கில் விளங்குகின்றது. மேலும் காண்க: மாகாணி இரண்டு சேர்ந்தால் பத்துச் சென்றிமீட்டர், அரைக்கால். அரைக்கால் இரண்டு கால். கால் இரண்டு அரை. மா இரண்டு இருமா, அஃதாவது பத்தில் ஒன்று. மா நான்கு நாலுமா, ஐந்தில் ஒன்று. காணியை நான்காக மடித்தால் முந்திரி. ஐந்தின் வழியும் இரண்டின் வழியும் ஓரளவுகோலில் இணையும் இவ்வமைப்பைக் கண்ட முன்னோரின் நுண்மையை என்னென்பது!

நிலத்தளவிலும் இதுவே. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. வேலிக்கு மா எவ்வாறோ, ஒன்றுக்கு மா அவ்வாறு. காணி என்னும் நில அளவு வட்டாரந்தோறும் மாறலாம். எண்ணிலே எண்பதில் ஒன்று என்பது மாறாது. அரியலூரில் பைஞ்சுதை, அஃதாவது சிமெண்டு, மூட்டைகளை ஏற்றிச் செல்லும் சரக்குந்துகளை நாள்தோறும் காணும் பிள்ளைக்கு வேறோர் எடுத்துக்காட்டும் தரலாம். மூட்டையொன்று ஐம்பது கிலோ. இருபது மூட்டை ஒரு டன். ஆகவே ஒரு மூட்டை ஒரு டன்னில் மா. ஐந்து மூட்டை கால். பத்து மூட்டை அரை. பதினைந்து மூட்டை எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். "முக்கால்" என்னும் விடை முந்திக்கொண்டு வரும்.

எண்ணுப்பெயரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பத்துப்பத்து ஈர்க்குகளாகக் கட்டி வைத்து, இரண்டு கட்டும் மூன்று உதிரி ஈர்க்கும் காட்டுக. தமிழ்க் குழந்தை அதனை எவ்வாறு படிக்கும்? இரு பத்து, மூன்று; இருபத்து மூன்று. கண்ணில் பட்டதே காதில் விழும் பெயர். பதினொன்று என்பதில் பத்தும் ஒன்றும் கேட்கின்றன. ஆங்கிலத்து 'லெவன்' என்பதில் யாது கேட்கின்றது? 'தேர்ட்டீன்', 'தேர்ட்டி' என்னும் இரண்டையும் மயங்கி, 13-க்கு 30 எழுதும் பிள்ளைகளை ஆங்கிலவழி வகுப்புகளில் காணலாம். அப்பிழை அக்குழந்தையினுடையதன்று. வீட்டில் இருபது, முப்பது என்று கேட்டு வளர்ந்ததை, ஓசை வேறுபாடே நுணுகிய அயற்சொல்லால் எண்ணப் பணித்ததன் விளைவு. பிற மொழியைப் பின்னர்க் கற்கட்டும். எண்ணுறவு தாய்மொழியிலேயே வேரூன்ற வேண்டும்.

தமிழெண்ணுப் பெயரில் ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் மூன்றும் மட்டும் ஒழுங்கு பிறழ்ந்து நிற்கும். தொண்ணூறு என்பது நூற்றின் பெயரைத் தாங்கியும் நூறாகாது. தொள்ளாயிரம் ஆயிரத்தின் பெயரைத் தாங்கியும் ஆயிரமாகாது. தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் இவற்றுக்குப் புணர்ச்சி கூறினார். ஒன்பதற்குத் தொண்டு என்னும் பழம்பெயர் இருந்து வழக்கு வீழ்ந்தமையால், மேலிடத்துப் பெயர்கள் ஒவ்வோரிடம் கீழிறங்கின என்பது பாவாணர் கருத்து. சிறுவர்க்கு இவ்வாராய்ச்சி வேண்டா. நூறு ஈர்க்குக்குரிய பெட்டியில் ஒன்பது கட்டுகளை வைத்து, ஒரு கட்டின் இடம் வெறுமையாய் இருப்பதைக் காட்டி, "நூற்றுக்கு ஒரு கட்டுக் குறை, அதுவே தொண்ணூறு" என்று சொன்னால், அப்பெயர் தடுமாற்றம் தருவதை விட்டுத் தொண்ணூறும் பத்தும் நூறு என்னும் உறவை நினைவூட்டும் துணையாகிவிடும்.

அரசும் வாளாவிருக்கவில்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் பரவி, அட்டைகளையும் ஏணிப்படிகளையும் பிள்ளைகளின் கைக்குக் கொண்டுவந்தது. கொள்ளைநோயால் 2020 மார்ச்சு முதல் பூட்டிக் கிடந்த தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பரில்தான் மீண்டும் திறந்தன. எண்ணத் தொடங்கும் அகவையில் பள்ளியையே காணாத அக்குழந்தைகளுக்காக 2022 சூன் திங்களில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என நிலைவகுத்துக் கற்பிக்கச் சொன்னது. பெயர்களும் நல்ல தமிழ்ப்பெயர்கள். ஆனால் அட்டை எத்துணைச் சிறந்ததாயினும், அதனைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு ஆசிரியர் பதிவேடு நிரப்பப் போய்விட்டால், அட்டை முடிந்ததேயன்றிப் பாடம் முடியவில்லை. "நீ எப்படிக் கண்டாய்?" என்று கேட்கும் ஒருவர் அருகிருத்தல் வேண்டும். இரண்டு வகுப்புகளை ஒருவரே நடத்தும் பள்ளிகளில் இஃது எளிதன்று என்பதையும் மறுப்பதற்கில்லை. அங்கே பெல் இங்குக் கண்டு சென்ற முறையையே மீண்டும் எடுத்து, ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கொட்டாங்கச்சி விளையாட்டுக்குத் தலைவனாக்கலாம், தலைவியுமாக்கலாம்.

கருவியை எப்போது கொடுப்பது என்பதைக் காட்டிலும், எப்போது எடுப்பது என்பதே அரிய வினா. நான்காம் வகுப்பிலும் புளியங்கொட்டையின்றி எட்டையும் ஐந்தையும் கூட்ட இயலாத பிள்ளைக்குக் கருவி ஊன்றுகோலாகி நின்றுவிட்டது என்று பொருள். முதலில் கொட்டையைத் தொட்டுச் செய்யட்டும். அடுத்து, செய்ததைத் தாளில் புள்ளியாக வரையட்டும். அதன்பின் எண்ணாகவும் குறியாகவும் எழுதட்டும். பிறகு கொட்டையைப் பையில் போட்டுக் கட்டிவிட்டுக் கணக்கைக் கேளுங்கள். விழித்தால் பையைக் காட்டி, "உள்ளே இருப்பதை நினைத்துச் சொல்" என்று மட்டும் சொல்லுங்கள். அப்போதும் இயலாவிட்டால் கட்டை அவிழ்ப்பதில் தவறில்லை. பை மேசைமேலேயே இருக்கட்டும்.